ஃபாசிக்குலேஷன்: ‘தசைத்துடிப்பு’ வேண்டாம், ‘தசைத்துள்ளல்’ என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தயாரிக்கும் இயக்க நரம்பணு (தசையை இயக்கும் நரம்பணு) நோய்க் கையேட்டில், தசை தானாக விட்டுவிட்டு எகிறும் ஃபாசிக்குலேஷனுக்குத் ‘தசைத்துடிப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நம் குழுவில் கோவை நண்பர் எழுதியிருந்தார். போன மாதம் வரை நானும் அந்தக் கட்சிதான். சித்தப்பாவின் ரிப்போர்ட்டைச் சித்திக்குப் படித்துச் சொன்ன அன்று மனம் மாறிவிட்டது.

சித்தப்பாவுக்கு வலது கையால் சட்டைப் பொத்தான் போட வராமல் எட்டு மாதம் ஆகிறது. இங்கே சென்னையில் ஒரு மருத்துவமனையில் ஈ.எம்.ஜி. (தசையில் ஊசி வைத்து அதன் மின்செயலைப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். “தசையில துடிப்பு இருக்காம் சித்தி” என்றேன். சித்தி முகம் மலர்ந்துவிட்டது. “துடிப்பு இருக்கா? அப்ப கைக்கு உயிர் இருக்கு, சரியாயிடும்ல?” நாடித்துடிப்பு, இதயத்துடிப்பு என்று கேட்டுப் பழகிய காதுக்கு, ஆஸ்பத்திரிக்குள் ‘துடிப்பு இருக்கு’ என்றால் நல்ல சேதிதான். அதைத் திருத்திச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. இன்னொருவர் வீட்டில் அது நடக்க வேண்டாம்.

குழுவில் மருத்துவர் அம்மா சொன்ன ‘கற்றைத்துடிப்பு’ இலத்தீன் மூலத்துக்கு நேர்; அதில் ஃபாசிக்குலஸ் என்றால் சிறு கற்றை. ஆனால் மூலமே சற்றுத் தடம் மாறியது. ஓர் இயக்க நரம்பணு ஒரே சமயத்தில் பல தசைநார்களைச் சுருங்க வைக்கிறது. கண்ணை அசைக்கும் தசையில் பத்து நார் அளவில், கெண்டைக்கால் தசையில் ஆயிரத்துக்கும் மேல். அந்த நார்கள் ஒரே கற்றையாகக் கட்டி வைத்தவை அல்ல, மற்ற நரம்பணுக்களின் நார்களோடு கலந்து சிதறிக் கிடப்பவை. நரம்பணு தானாகக் கிளர்ந்து அத்தனை நாரையும் ஒரு வெட்டில் இழுப்பதுதான் ஃபாசிக்குலேஷன். 1938-இல் டென்னி-பிரவுனும் பென்னிபேக்கரும் இதை ஃபிப்ரிலேஷனிலிருந்து தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். ஃபிப்ரிலேஷன் என்பது நரம்புத் தொடர்பு அறுந்த ஒற்றை நார் தானே சுருங்குவது. தோலுக்கு மேல் அது தெரியாது, ஊசி வைத்தால்தான் பிடிபடும். இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிந்தால் நல்லது: ஒன்று கண்ணுக்குத் தெரிவது, மற்றது தெரியாதது.

சித்தப்பாவுக்கு ஊசி போட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். கையைத் தளர்த்தி வைக்கச் சொன்னார்கள். கருவியின் ஒலிபெருக்கியில் தகரக் கூரை மேல் தூறல் விழுவது போல் சன்னமாக ஓர் ஓசை, அதுதான் ஃபிப்ரிலேஷனாம். நடுநடுவே, ஒழுங்கில்லாமல், ‘டப்’ என்று கனமாக ஒன்று. அதே நேரம் தோளில் தோல் ஒரு புள்ளியில் எகிறி அடங்கியது. கொஞ்சம் கழித்து வேறோர் இடத்தில். குளத்தில் மீன் துள்ளுவது போலத்தான் இருந்தது, எங்கே எப்போது என்று சொல்ல முடியாமல்.

அதனால் என் பரிந்துரை ‘தசைத்துள்ளல்’. ஃபிப்ரிலேஷனுக்கு ‘நார்த்துள்ளல்’. காலில் கெண்டை இருக்கிற மொழிக்கு இது அந்நியமாக இருக்காது. துள்ளல் மகிழ்ச்சியைக் குறிக்கும், துள்ளல் ஓசை என்று கலிப்பாவுக்குச் சொல்வோமே என்று யாராவது கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஆஸ்பத்திரியில் யாரும் நாடித்துடிப்பைப் போலத் துள்ளலை எண்ணிக் குறிப்பதில்லை, அதனால் குழப்பம் வராது. மருத்துவர் “எங்கயாவது சதை துள்ளுதா?” என்று கேட்கவும், ரிப்போர்ட்டில் ‘தசைத்துள்ளல்’ என்று எழுதவும் ஒரே வேர் போதும். இதுதான் எனக்குப் பெரிய காரணம். நடுக்கம், இசிவு, குரக்குவலி மூன்றும் வேறு வேறு, அவற்றோடும் மோதாது.

கையேட்டில் இன்னொரு வரி கட்டாயம் வேண்டும்: துள்ளல் மட்டும் இருந்தால் அது இந்த நோய் என்று அர்த்தமில்லை. தூக்கம் கெட்டாலும், காபி கூடினாலும், உடம்பு அசந்தாலும் கண் இமையும் கெண்டைக்காலும் துள்ளும். பலக்குறைவு, சதை கரைவது, அனிச்சைச்செயல் மிகுவது இவற்றோடு சேர்த்துத்தான் மருத்துவர் பார்ப்பார். இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் ‘நரம்புத் தளர்ச்சி’ போஸ்டர் ஒட்டிய ஊரில் பயம் சீக்கிரம் பரவும்.

கையேட்டில் ‘மதராஸ் மோட்டார் நியூரான் நோய்’ (இயக்க நரம்பணு நோயில் ஒரு வகை) என்ற பதிவில் மதராஸை மாற்ற வேண்டாம். நம் ஊர் மருத்துவர்கள் 1970-இல் எழுதியது. இளவயதில் வந்து, காது கேட்பதையும் குறைத்து, மெதுவாக நகரும் வகை. அந்தப் பெயரில்தான் உலகம் தேடுகிறது.

ஒன்றில் மட்டும் எனக்குத் தெளிவில்லை: நாக்கில் வரும் ஃபாசிக்குலேஷன். நாக்கை நீட்டாமல், வாய்க்குள் சும்மா கிடக்கும்போதுதான் பார்க்க வேண்டும். நீட்டினால் யாருக்குமே நடுங்கும். சும்மா கிடக்கும்போது தெரிவது மீன் துள்ளுவது போல இல்லை, தண்ணீரின் மேல் சிற்றலை போல இருக்கிறது. அதற்கும் ‘நாக்குத்துள்ளல்’ சரிவருமா? தினமும் நோயாளிகளைப் பார்ப்பவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.