வாரம் 7 மணி நேரத்தில் கோவா 70.3: எதைச் செய்வது, எதை விடுவது?

ஓஎம்ஆர்_ஓட்டம்

கோவா 70.3-க்கு (அரை அயர்ன்மேன் ட்ரையத்லான்) இன்னும் 20 வாரம். 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம், மொத்தக் கெடு 8 மணி 30 நிமிடம். என் கையில் இருப்பது வாரம் ஏழு, மிஞ்சினால் எட்டு மணி நேரம். வேலை நாளில் காலை 5 முதல் 6.15 வரை, சனிக்கிழமை 4.30 முதல் 8 வரை, ஞாயிறு ஒன்றேகால் மணி நேரம். அதற்கு மேல் எடுத்தால் வீட்டில் சண்டை வரும், நியாயமான சண்டை.

நிலவரம்: வயது 38, எடை 74 கிலோ. 25 மீட்டர் பூலில் 400 மீ. 9:20, 200 மீ. 4:24. ஸ்மார்ட் ட்ரெய்னரில் (வீட்டுக்குள் சைக்கிளைப் பூட்டி மிதிக்கும் கருவி) 20 நிமிட டெஸ்ட் 177 வாட், அதன் 95 சதவீதம், அதாவது எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உச்ச வாட்) 168. தனியாக 10 கி.மீ. ஓட்டம் 62 நிமிடம். ரோட்டில் பவர் மீட்டர் கிடையாது, மணிக்கட்டு வாட்ச் மட்டும்.

எட்டு மாதமாக வாரம் ஆறு நாள் விடாமல் செய்தும் எந்த எண்ணும் அசையவில்லை. எல்லா ஓட்டமும் இதயத்துடிப்பு 158–163-ல் முடிகிறது. நேரம் பற்றவில்லையா, செய்யும் விதம் தப்பா?

நாலரைமணி

நேரம் பற்றும். முதலில் கூட்டிப் பாருங்கள்: நீச்சல் 55 நிமிடம், நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாற 8, சைக்கிள் 3:30, சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாற 5, ஓட்டம் கி.மீ.க்கு 7:15 வீதம் 2:33. மொத்தம் 7:11. கெடுவுக்கு முன் 1 மணி 19 நிமிடம் கையிருப்பு. இந்த எண்கள் எல்லாமே இன்றைய உங்கள் நிலைக்கு எட்டக்கூடியவை. ஐந்தாவது மணி நேரத்திலும் கால் ஓட ஒத்துக்கொள்ள வேண்டும், பயிற்சியின் குறி அது ஒன்றுதான்.

158–163 பற்றி ஒரு சந்தேகம். உங்கள் காலடி எண்ணிக்கை நிமிடத்துக்கு 160 சுமாருக்கு இருக்கிறதா? மணிக்கட்டு சென்சார் சில நேரம் நாடியை விட்டுவிட்டு கை வீச்சின் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். துடிப்பு வரைபடமும் காலடி வரைபடமும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிப் போனால் அந்த எண் பொய். துடிப்பு அளக்கும் மார்புப் பட்டை ஒன்று வாங்குங்கள். புது ஷூவைவிட, புது வீலைவிட அதுதான் முதல் செலவு.

பட்டை வந்ததும் 30 நிமிடம் தனியாக, தாங்கும் அளவு முழு வேகத்தில் ஓடுங்கள். கடைசி 20 நிமிடத்தின் சராசரி துடிப்புதான் உங்கள் த்ரெஷோல்ட், அதாவது நீண்ட நேரம் தாங்கக்கூடிய கடின முயற்சியின் எல்லை. 171 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அதன் 85–89 சதவீதம், அதாவது 145–152, லேசான ஓட்டத்தின் எல்லை. நீங்கள் தினமும் ஓடும் 160 நிஜம் என்றால், அது 171-ன் 93–94 சதவீதம். மறுநாளைக்குக் களைப்பை மிச்சம் வைக்கும் அளவுக்குக் கடினம், உடம்பை அடுத்த படிக்குத் தள்ளும் அளவுக்குக் கடினம் இல்லை. ஆறு நாளும் இந்த இரண்டுங்கெட்டானில் ஓடினால் எண் எப்படி அசையும்?

முதல் மூன்று நான்கு வாரம் 150-க்குக் கீழே ஓடுவது கௌரவக் குறைச்சலாக இருக்கும். கி.மீ.க்கு 8 நிமிடம்கூட ஆகும். 152-ஐத் தாண்டினால் நடங்கள், 140-க்கு இறங்கியதும் ஓடுங்கள். சென்னையில் விடியற்காலையில் வெப்பம் குறைவு என்றாலும் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும், வியர்வை காயாது. அதே வேகத்துக்குத் துடிப்பு 8–10 கூடினால் வேகத்தைத்தான் குறைக்க வேண்டும், எல்லையை உயர்த்தக் கூடாது.

வாரம் இப்படி: திங்கள் ஓய்வு. செவ்வாய் நீச்சல் 45 நிமிடம். புதன் ட்ரெய்னர் 60 நிமிடம்: 10 சூடேற்றல், 150 வாட்டில் 3×10 நிமிடம், நடுவே 4 நிமிட இடைவெளி, மீதி ஆறவிடுதல். வியாழன் ஓட்டம் 50 நிமிடம்; முதல் எட்டு வாரம் முழுக்க லேசு, பிறகு நடுவில் த்ரெஷோல்ட் வேகத்தில் 4×5 நிமிடம். வெள்ளி நீச்சல் 45. சனி சைக்கிள் இரண்டரை மணி, இறங்கியதும் 20 நிமிட ஓட்டம். ஞாயிறு லேசான ஓட்டம் 75 நிமிடம். மொத்தம் 7 மணி 25 நிமிடம். கடினமானது புதன், வியாழன் இரண்டே. நான்காவது வாரம் ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள்.

80:20 (80 சதவீதம் லேசு, 20 சதவீதம் கடினம்) என்று எல்லோரும் சொல்வார்கள். அதைப் பரப்பிய உடற்பயிற்சி விஞ்ஞானி ஸ்டீபன் சைலர் அதைப் பெரும்பாலும் அமர்வுகளின் எண்ணிக்கையாகத்தான் கணக்கிட்டார், நிமிடமாக அல்ல. ஆறில் ஒன்றோ இரண்டோ கடினம் என்பதே அதன் பொருள். நிமிடக் கணக்குப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

உப்புக்காற்று

மொத்தக் கெடுவில் கையிருப்பு தாராளம். நீச்சலுக்குத் தனிக் கெடு 1 மணி 10 நிமிடம், அங்கே கையிருப்பு 15 நிமிடம்தான். அதனால் கொஞ்சம் விரிவாக.

400-க்கும் 200-க்கும் உள்ள வித்தியாசம் 4:56. அதில் பாதி 2:28, அதுதான் 100 மீட்டருக்கு உங்கள் சிஎஸ்எஸ் (நீச்சலின் த்ரெஷோல்ட்) வேகம். 45 நிமிட ஸ்லாட்டில்: 300 மீ. சூடேற்றல், 4×50 டிரில் (நுட்பப் பயிற்சி), பிறகு 2:28-ல் 8×100, ஒவ்வொன்றுக்கும் 20 நொடி ஓய்வு. 1300 மீட்டர், போதும். முதல் நூறு 2:15-ல் போய் எட்டாவது 2:45-ல் வந்தால் அந்த செட் வீண். எட்டும் இரண்டு நொடிக்குள் நிற்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. 20 வாரம் உழைத்து 2:28-ஐ 2:20 ஆக்கினால் 1.9 கி.மீ.யில் மிச்சம் சுமார் இரண்டரை நிமிடம். கடலில் கோணல்மாணலாகப் போய் 10 சதவீதம் கூடுதலாக நீந்தினால் 190 மீட்டர், நஷ்டம் ஐந்து நிமிடம். தலை தூக்கித் திசை பார்த்து நீந்தப் பழகுவதுதான் லாபம். ஒவ்வொரு 100-லும் கடைசி 25-ல், ஆறு கை வீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வரட்டும், மூக்கு வரக் கூடாது. பார்த்துவிட்டு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சு எடுங்கள். முன்னால் பார்த்தபடியே மூச்சு எடுக்கப் போனால் தலை தூக்கும், இடுப்பு அமிழும், கால் பிரேக் போடும்.

2:28 காரர்களிடம் பெரும்பாலும் காணும் தப்பு இரண்டு. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிவைத்து, வெளியே வந்ததும் விடுவதும் இழுப்பதுமாக அவசரப்படுவது. உள்ளே இருக்கும்போதே மூக்கால் தொடர்ந்து குமிழி விடுங்கள். இன்னொன்று, கை நீரில் இறங்கும்போது தலைக்கு நேரே குறுக்கே போவது. இடுப்பு பாம்பு மாதிரி வளையும். வலது கை கடிகாரத்தின் 1-ஐ, இடது கை 11-ஐத் தொடுவதாக நினைத்துக்கொண்டால் சரியாகும்.

வெட்சூட்டை (மிதக்க உதவும் ரப்பர் நீச்சல் உடை) நம்பி இறங்காதீர்கள். தண்ணீர் 24.5 டிகிரியைத் தாண்டினால் வெட்சூட் போட்டவருக்குப் பரிசு வரிசையில் இடமில்லை, 28.8-ஐத் தாண்டினால் அறவே தடை. கோவாக் கடல் வெதுவெதுப்பு. ஆகவே புல் பாய் (கால்களுக்கிடையே வைக்கும் மிதவை) வைத்து நீந்திய டைமை உங்கள் டைம் என்று எழுதிவைக்காதீர்கள்.

கடல் பழக்கம் மூன்று நான்கு முறையாவது வேண்டும். ஆனால் சென்னைக் கடற்கரையில் தனியாக இறங்கவே கூடாது. இழுப்பு நீரோட்டம் நல்ல நீச்சல்காரரையும் கொண்டுபோய்விடும். அந்தக் கரையை அறிந்த பயிற்சியாளர், குழு, இடுப்பில் மிதவை, கரையில் ஓர் ஆள். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் பூலுக்கே போங்கள்.

சங்கிலி_எண்ணெய்

நாலரைமணி சொன்னதில் ஒன்றை மட்டும் ஏற்க மாட்டேன். சனி இரண்டரை மணி சைக்கிளும் ஓட்டமும் முடித்த கையோடு ஞாயிறு 75 நிமிட ஓட்டம், 38 வயதில், மாதக்கணக்கில் என்றால் கெண்டைக்கால் பேச ஆரம்பிக்கும். நீண்ட ஓட்டத்தை வியாழனுக்குக் கொண்டுவாருங்கள், 5 முதல் 6.15 வரை சரியாக 75 நிமிடம் இருக்கிறது. த்ரெஷோல்ட் ஓட்டத்தை ஞாயிறுக்குத் தள்ளாதீர்கள். ஞாயிறு 40–50 நிமிடம் லேசு, கூடவே 15 நிமிடம் பலப்பயிற்சி: ஒற்றைக்கால் குதிகால் உயர்த்தல் 3×12, படிக்கட்டு ஏறி இறங்கல் 3×10, பிளாங்க். கடினமான ஓட்டம் இந்தக் கட்டத்தில் அவசியமே இல்லை. 62 நிமிடத்தில் 10 கி.மீ. ஓடுபவருக்கு கி.மீ.க்கு 7:15 வேகப் பிரச்சினையே அல்ல.

சைக்கிள் விஷயம். போட்டி வாட் எஃப்டிபியில் 70–75 சதவீதம், உங்களுக்கு 118–126. ரோட்டில் பவர் மீட்டர் இல்லாததால், ட்ரெய்னரில் 120 வாட்டில் 40 நிமிடம் ஓட்டி அப்போதைய துடிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் நல்ல ஃபேன் ஓடட்டும். ஃபேன் இல்லாமல் எடுத்த துடிப்பு எதற்கும் உதவாது. ரோட்டில் அந்தத் துடிப்பை ஒட்டியே போங்கள், காற்று எதிர்த்தாலும் சரி.

ஈ.சி.ஆரில் குழுவோடு ஓட்டுவது பாதுகாப்புக்கு நல்லது, கணக்குக்குக் கெடுதல். முன்னால் போகிறவரின் முதுகில் ஒளிந்தால் 32 கி.மீ. வேகம் சும்மா வரும். கோவாவில் இப்படி ஒளிந்து ஓட்டும் டிராஃப்டிங் தடை, அதே கால் 26-தான் தரும். சனியில் ஒரு மணி நேரமாவது குழுவுக்குப் பின்னால் நன்றாக இடைவெளி விட்டு ஓட்டுங்கள். இன்னொன்று, ஈ.சி.ஆர். தட்டை. கோவாவில் ஏற்ற இறக்கம் உண்டு. அதற்கு ட்ரெய்னரில் இரண்டு வாரத்துக்கு ஒரு புதன் 4×6 நிமிடம், மிதிவேகம் நிமிடத்துக்கு 60–65, வாட் 145. முட்டி வலித்தால் நிறுத்திவிடுங்கள், முதலில் சீட் உயரத்தைப் பாருங்கள்: குதிகாலை பெடலில் வைத்து அடியில் கொண்டுபோனால் முட்டி நேராக வேண்டும். பின்சக்கரத்தில் 11-28 கேசட் (11 முதல் 28 பல் வரையிலான கியர் சக்கரத் தொகுதி) இருந்தால், ஏற்றத்துக்கு இலகுவான 11-32 ஆக மாற்றலாமா என்று கடையில் கேளுங்கள்; சங்கிலியைக் கியர் மாற்றும் டிரெய்லியர் குட்டையாக இருந்தால் 32-ஐ ஏற்காமல் போகலாம்.

ட்ரெய்னரில் ஓட்டும்போது ஹேண்டில்பார் மேல் துண்டு போடுங்கள். வியர்வை ஸ்டெம் வழியாக ஹெட்செட் பேரிங்கில் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்) இறங்கிச் சில மாதத்திலேயே துரு பிடிக்கலாம், வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்டியரிங் நடுவில் லேசாகச் சிக்கினால் அதுதான்.

ஓஎம்ஆர்_ஓட்டம்

நன்றி. காலடி எண்ணிக்கை பார்த்தேன், 161. சந்தேகம் சரிதான் போல, பட்டை ஆர்டர் போட்டுவிட்டேன். இரண்டு கேள்வி. நீண்ட சைக்கிளில் இளநீர், பேரீச்சை போதுமா? இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு தலை கிறுகிறுக்கிறது. வேலை நெருக்கடியில் நாள் தவறினால் என்ன செய்வது?

மோர்மிளகாய்

போதாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் சொற்பம். வியர்வையில் போவது முக்கியமாகச் சோடியம். நடுத்தரப் பேரீச்சை ஒன்றில் மாவுச்சத்து 5–6 கிராம்தான். நீண்ட சைக்கிளில் மணிக்கு 60 கிராம் எடுக்க வேண்டும் என்றால் பத்துப் பழம், ஓடும் சைக்கிளில் கொட்டை துப்பிக்கொண்டு.

வீட்டிலேயே கலக்கலாம். 750 மி.லி. பாட்டிலுக்குச் சர்க்கரை 60 கிராம், தட்டையாக ஐந்து டேபிள்ஸ்பூன். தூள் உப்பு கால் டீஸ்பூன், அதில் சோடியம் 600 மி.கி. சுமார். எலுமிச்சை அரை மூடி. தோல் எண்ணெய் இறங்கும்படி அழுத்திப் பிழிந்தால் வெயிலில் கசப்பு ஏறும். சாதாரணச் சர்க்கரையே பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ், குடல் இரண்டையும் தனித்தனி வழியில் எடுத்துக்கொள்ளும். விலை உயர்ந்த பொடியில் இருப்பதும் கிட்டத்தட்ட இதுதான். மணிக்கு ஒரு பாட்டில், கூடவே வெறும் தண்ணீர் 250 மி.லி. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாட்ச்சில் அலாரம் வையுங்கள். தாகம் எடுத்த பிறகு சர்க்கரையைத் திணித்தால் வயிறு திருப்பிக் கொடுத்துவிடும்.

அளவை உங்களுக்குத் திருத்த: ஒரு மணி நேரம் ஓட்டும் முன்னும் பின்னும் துணியில்லாமல் எடை பாருங்கள். குறைந்த கிலோவோடு குடித்த லிட்டரைக் கூட்டினால் அதுதான் மணிக்கு வியர்வை. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடிக்கிறீர்கள். உப்பில்லாத வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பது ரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கும்.

வயிறும் பழக வேண்டிய உறுப்பு. முதல் வாரம் மணிக்கு 30 கிராம், பிறகு 40, 50, 60. போட்டி நாள் காலை மூன்று மணி நேரம் முன்னதாக ஐந்து இட்லியும் சர்க்கரையும், ஒரு வாழைப்பழம். சாம்பாரும் தேங்காய்ச் சட்னியும் அன்றைக்கு வேண்டாம், நாரும் கொழுப்பும் வயிற்றில் தங்கிவிடும். கிறுகிறுப்பு பாட்டில் மாற்றியும் போகவில்லை என்றால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள், அதோடு விளையாடக் கூடாது.

நாலரைமணி

ஞாயிறு விஷயத்தில் சங்கிலி_எண்ணெய் சொன்னது சரி, மாற்றிக்கொள்ளுங்கள்.

தவறிய நாள் தவறியதுதான். புதனை வியாழனோடு சேர்த்து ஈடுகட்டப் போனால் சனி கெடும். வாரம் சுருங்கினால் கடைசியாக விடுவது சனி சைக்கிள். அதற்கு முன் நீண்ட ஓட்டம், அதற்கும் முன் ஒரு நீச்சல். முதலில் வெட்ட வேண்டியது ஞாயிறு லேசான ஓட்டம். தூக்கம் ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே போனால் அன்றைய கடின அமர்வை லேசாக்கிவிடுங்கள், அலாரத்தை அணைத்துத் தூங்கினாலும் பாதகமில்லை. காய்ச்சல், நெஞ்சுச்சளி என்றால் அறிகுறி போகும்வரை ஒன்றும் வேண்டாம்.

சனி சைக்கிளை 14-ஆம் வாரத்துக்குள் மூன்று மணி நேரமாகக் கொண்டுபோங்கள். கடைசி இரண்டு வாரம் நேரத்தைப் பாதியாக்கி, புதன் 150 வாட் மட்டும் 2×8 நிமிடமாக வைத்திருங்கள்.

சங்கிலி_எண்ணெய்

சனி ஓட்டிவிட்டு வந்து 20 நிமிடம் ஓடும்போதே சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் மாற்றத்தையும் பழகிவிடுங்கள். எலாஸ்டிக் லேஸ், சாக்ஸ் உள்ளே கொஞ்சம் பவுடர், கழுத்தோரம் வாசலின். போட்டியில் சைக்கிளை ரேக்கிலிருந்து எடுக்கும் முன்பே ஹெல்மெட் பக்கிள் மாட்டியிருக்க வேண்டும், திருப்பி வைத்த பிறகுதான் கழற்றலாம். வீட்டு வாசலிலும் அதே வரிசையில் செய்யுங்கள்.