உருகின கயிற்று நுனி மெதுவாக இழுத்தால் ஒருமாதிரி, வெடுக்கென்று இழுத்தால் வேறுமாதிரி அறுவது ஏன்?

கரையோரன், குருநகர்
கயிறு வெட்டினால் நுனி பிரியாமல் இருக்க லைட்டரால் சுட்டு உருட்டி விடுவோம். போன கிழமை நீலப் பொலித்தீன் கயிறு ஒன்றைச் சுட்டு, உருகின நுனியைக் குறட்டால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஆறுதலாக இழுத்தால் ஓரிடம் மட்டும் மெலிந்து, தேன் ஒழுகுவது போலப் போய் அறுகிறது. கொஞ்சம் வேகமாக இழுத்தால் முழ நீளத்துக்கு மயிர் போல இழை வருகிறது. வெடுக்கென்று இழுத்தால் இழையே இல்லை. பட்டென்று அறுந்து, நுனி பின்னுக்குச் சுருங்குகிறது. உருகின சாமான் எப்படி ரப்பர் மாதிரி அறும்? இரண்டு நாளாக இதே யோசனை.

கதியால்
அண்ணை, சிக்குப்பட்ட தங்கூசியை எப்படி எடுப்பீர்கள்? நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தால் மற்ற நூல்களுக்கு நடுவால் பாம்பு போல வழுக்கி வந்துவிடும். வெடுக்கென்று இழுத்தால் சிக்கு இறுகும். உருகின பொலித்தீனுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. நீளமான சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் குழாய்க்குள் அகப்பட்டது போல. பக்கவாட்டில் அசைய இடமில்லை, நீளவாட்டில் ஊர்ந்துதான் வெளியேற வேண்டும். 1971இல் பிரெஞ்சு இயற்பியலாளர் டி ஜென் சொன்னது இது. 1978இல் டோய், எட்வர்ட்ஸ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இதை முழுக் கணக்காக்கினார்கள்.

ஊர்ந்து வெளியேற நேரம் வேண்டும். சங்கிலியின் நீளம் இரு மடங்கானால் அந்த நேரம் பத்து மடங்குக்கும் மேல் கூடும். அதைவிட ஆறுதலாக நீங்கள் இழுத்தால் சங்கிலிகள் வழுக்கிப் போகின்றன. அப்போது அது வெறும் திரவம். மெலிந்த இடத்தைக் காப்பாற்ற ஆளில்லை, அங்கேயே மேலும் மெலியும். வேகத்தைக் கூட்டினால் சங்கிலிகள் நீண்டு விறைக்கின்றன. அதிகம் நீண்ட இடமே அதிகம் எதிர்ப்பதால், இழுவை பருத்த பகுதிக்குப் போய்விடும். அதனால்தான் சீரான நீள இழை. வெடுக்கென்று இழுத்தால் வழுக்க நேரமே இல்லை, சிக்கெல்லாம் முடிச்சாக நிற்கும். இரண்டு முடிச்சுக்கு நடுவே உள்ள சங்கிலி ஓரளவுக்குத்தான் நீளும், பிறகு அறும். மிச்சம் ரப்பர் போலச் சுருளும். நீங்கள் கண்ட சுருக்கம் அதுதான்.

பட்டக்காரன், வல்வெட்டித்துறை
சரசரக்கிற சொப்பிங் பையைவிட மெத்தென்ற பையை உருக்கி இழுத்தால் இழை ஒரே சீராக வருகிறதே, அது?

கதியால்
நல்ல கவனிப்பு. மெத்தென்ற பையின் சங்கிலிகளில் நீளமான கிளைகள் உண்டு. வேலிக்கு வெட்டிக் குவித்த கிளுவங்கதியாலை எடுத்துப் பாருங்கள்: கிளை கழித்த தடி உருவிக்கொண்டு வரும், கிளையோடு உள்ளது குவியலையே இழுத்துக்கொண்டு வரும். சரசரக்கிற பையின் சங்கிலி கழித்த தடி மாதிரி.

கரையோரன் அண்ணை, ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மெல்லிய இழை காற்றில் சட்டென ஆறி இறுகும், அதனால் உங்கள் முழ நீள இழையில் குளிர்ச்சிக்கும் பங்குண்டு. ஆய்வுகூடத்தில் இதைத் தவிர்க்க, சூடு மாறாத அறைக்குள் எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகளில் சுற்றி இழுப்பார்கள்.

கரையோரன், குருநகர்
ஓம், அன்றைக்குக் கரையில் நல்ல காற்று. நாளைக்கு வாடிக்குள் காற்று மறைவில் வைத்து, மெத்தென்ற பையையும் சேர்த்து இழுத்துப் பார்க்கிறேன். தங்கூசி உவமை மனதில் பதிந்துவிட்டது தம்பி.