சவர்க்ரௌட் புளிப்பைக் குறைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். ஜெர்மனியில் நியூரம்பெர்க்கில் இருக்கிறேன். ஞாயிறு இரவு பக்கத்து வீட்டுப் பாட்டியைச் சாப்பிட அழைத்திருக்கிறேன். குழந்தை பிறந்து நான் வீடு திரும்பிய வாரம் முழுக்கச் சமைத்துக் கொடுத்தவர் அவர்தான். அதனால் அவருக்குப் பிடித்த சாசேஜும் சவர்க்ரௌட்டும் (நறுக்கிப் புளிக்க வைத்த முட்டைக்கோஸ்) நானே செய்து போட ஆசை.

நேற்று ஒத்திகை பார்த்தேன். பன்றிக் கொழுப்பில் வெங்காயத்தை வதக்கி, கடையில் வாங்கிய சவர்க்ரௌட்டைச் சாறோடு போட்டேன். பிரிஞ்சி இலை, ஐந்து ஜூனிபர் பழம், கொஞ்சம் கேரவே விதை, துருவிய ஆப்பிள், அரை கிளாஸ் வெள்ளை ஒயின். 40 நிமிடம் சிறு தீயில் வெந்தது. வாசனை பிரமாதம், ஆனால் பல் கூசும் புளிப்பு. போன மாதம் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுச் செய்தபோது வெறும் அவித்த முட்டைக்கோஸ் போல ஆகிவிட்டது. பாதியை மட்டும் அலசலாமா? கடைசியில் பச்சை உருளைக்கிழங்கைத் துருவிப் போட்டால் புளிப்பு மட்டுப்படுமா, எவ்வளவு போட வேண்டும்?

அப்புறம் சாசேஜ். இந்த ஊரின் விரல் நீளச் சாசேஜ்தான், மார்ஜோரம் என்ற மூலிகை மணக்கும். தணலில் சுடுவதுதான் வழக்கம், எனக்கு பால்கனி இல்லை. வாணலியில் போட்டால் தோல் வெடித்துச் சாறெல்லாம் போய்விடுகிறது. கொதிக்காத வெந்நீரில் முதலில் சில நிமிடம் வைத்து எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

சவர்க்ரௌட்டைச் சனிக்கிழமையே செய்து வைக்கலாம் என்றிருக்கிறேன். மீன் குழம்பு மாதிரி மறுநாள்தான் ருசி கூடுமாம். செய்து பழகியவர்கள் வெள்ளிக்குள் சொன்னால் பெரிய உதவி.