லேப் இருக்கிறது, பயன்படுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஆசிரிய நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஹைடெக் லேப் என்கிற கணினி அறை இருக்கிறது, ஸ்மார்ட் போர்டும் வந்துவிட்டது, ஆனால் பாடம் நடத்த எவ்வளவு பயன்படுகிறது என்று கேட்டால் எங்களில் யாரிடமும் பதில் இல்லை, ஆன்லைன் பதிவு போடத்தான் லேப் அதிகம் திறக்கிறது (உங்கள் பள்ளியிலும் அப்படித்தானா?).

கணினி வசதிகளைப் பாடம் நடத்த எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று பள்ளி தன்னைத்தானே மதிப்பிட்டுப் பார்க்க, ஐரோப்பிய ஆணையம் 2018-இல் கொண்டுவந்த செல்ஃபி (SELFIE) என்ற இலவச ஆன்லைன் கருவியைப் பார்த்தேன். தலைமையாசிரியர், ஆசிரியர், மாணவர் என மூன்று தரப்பும் பெயர் சொல்லாமல் தனித்தனியாகப் பதில் தருகிறார்கள், அப்புறம் பள்ளிக்கு ஓர் அறிக்கை வருகிறது. தரவரிசை கிடையாது, எனக்குப் பிடித்ததே அதுதான். 'நன்றாகப் பயன்படுத்துகிறோம்' என்று நாங்கள் சொல்லி, 'மவுஸைத் தொட்டே மாதமாகிறது' என்று பிள்ளைகள் சொன்னால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

இதையோ இதுபோன்ற ஒன்றையோ தமிழில் எளிமையாக்கி உங்கள் பள்ளியில் யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பத்துப் பதினைந்து கேள்வி போதும், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிய வேண்டும், நெட் படுத்துவிட்டால் தாளிலும் எழுத முடிய வேண்டும். முடிவு வந்ததும் முதலில் எதை மாற்றினீர்கள் என்றும் சொல்லுங்கள்.