இரண்டு பிள்ளைகளுக்கும் பாசத்தை ஒரே மாதிரிக் காட்டினால் போதுமா?

யாழினி:
தொடுதல், பாராட்டு, கூட இருக்கும் நேரம், பரிசு, உதவி என்று பாசம் காட்டும் வழிகளை அமெரிக்க எழுத்தாளர் கேரி சாப்மன் 1992-ல் பிரித்த ஐந்து வகை பலருக்கும் தெரியும். பெரியவர்களுக்குச் சொன்னதுதான், ஆனால் பிள்ளைகளிடமும் பயன்படும். பிள்ளையிடம் நேராகக் கேட்காதீர்கள், அந்த நேரம் மனசில் இருப்பதைச் சொல்லும். இரண்டு வாரம் கவனியுங்கள்: மற்றவர்களிடம் பாசத்தை எப்படிக் காட்டுகிறது, எதை ஓயாமல் கேட்கிறது, எதற்கு முகம் வாடுகிறது. மூன்றும் ஒரே பக்கம் காட்டினால் அதுதான் அதன் வழி.

கணக்கர்:
இந்த ஐந்து பெட்டிக்கு ஆதாரம் எங்கே? உளவியல் ஆய்வாளர் எமிலி இம்பெட் குழுவினர் 2024-ல் ஆய்வுகளை அலசியபோது, தனித்தனியாக மதிப்பெண் போடச் சொன்னால் மக்கள் ஐந்துக்குமே அதிகம் போடுகிறார்கள் என்று காட்டினார்கள். 'ஒன்றைத்தான் தேர்ந்தெடு' என்று நெருக்கும்போதுதான் 'முதன்மையானது' என்று ஒன்று முளைக்கிறது. அதுவும் பெரியவர்களை வைத்து.

உங்கள் இரண்டு வாரத்திலும் ஓட்டை இருக்கிறது. பிள்ளை எது குறைகிறதோ அதைத்தான் கேட்கும். அப்பா நைட் ஷிப்ட் என்றால் 'என்கூட இரு' என்னும். வீட்டில் கைக்குழந்தை வந்தால் மடியில் ஏறும். பசி, தூக்கம், பரீட்சை, எல்லாம் கணக்கைக் குழப்பும். கடைசியில் 'இவளுக்குக் கிப்ட்தான் பிடிக்கும்' என்று முத்திரை குத்தி மற்ற நாலையும் நிறுத்திவிடுவார்கள்.

யாழினி:
முத்திரை குத்துவது தப்பு, சரி. அதற்காகப் பிள்ளைகளுக்குள் வேறுபாடே இல்லையா? மனநல மருத்துவர்கள் தாமஸ், செஸ் இருவரும் 1956-ல் நியூயார்க்கில் தொடங்கிய நீண்டகால ஆய்வு ஒன்பது சுபாவக் கூறுகளைப் பிரித்தது. புதியவரைக் கண்டு ஒதுங்கும் பிள்ளையை, 'மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு' என்று கூடத்தில் நிறுத்திக் கைதட்டினால் நமக்குப் பாராட்டு, அதற்குத் தண்டனை. அதே பாராட்டை ராத்திரி தனியாகச் சொன்னால் ஏற்கும்.

கணக்கர்:
சுபாவம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். அது ஐந்து பெட்டி இல்லை.

எந்தப் பிள்ளைக்கும் முதலில் செய்யச் சொல்வது தினமும் ஐந்து நிமிடம் கூட விளையாடுவது. பிள்ளையோடு எப்படிப் பழகுவது என்று பெற்றோருக்குப் பயிற்சி தரும் பெற்றோர்-குழந்தை ஊடாட்ட சிகிச்சையில் கொடுக்கும் வீட்டுப்பாடம் இது. போன் வேறு அறையில். என்ன விளையாட்டு என்பதைப் பிள்ளை முடிவு செய்யும். கட்டைகள், களிமண், கிரேயான் சரி. கேரம், சீட்டு வேண்டாம், ஜெயிக்கத் தோற்க ஆரம்பித்ததும் விதி சொல்லித் திருத்தப் போய்விடுவோம். கட்டளை, கேள்வி, குறை மூன்றும் கூடாது. 'இது என்ன கலர்?' என்பதே பரீட்சைதான். 'சிவப்புக் கட்டையை மேலே வைக்கிறாய்' என்று பார்ப்பதைச் சொல்லுங்கள், அது சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள், அது செய்வதை நீங்களும் செய்யுங்கள். பெரும்பாலும் கெட்டுப்போவது ஒரே இடத்தில்: சேட்டை செய்த நாளில் 'இன்னைக்குக் கிடையாது' என்று ரத்து செய்வது. பாசத்தைச் சம்பளமாக்கிவிடுகிறோம்.

தென்றல்:
பரிசு பற்றி யாரும் பேசவில்லையே. லெப்பர் என்ற உளவியலாளரின் குழு 1973-ல், படம் வரைய ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் 'வரைந்தால் விருது' என்று முன்கூட்டியே சொன்னது. பிறகு அவர்களுக்கு வரைவதில் நாட்டம் குறைந்தது. அப்போ பரிசே வேண்டாமா?

யாழினி:
அதே ஆய்வில், சொல்லாமல் திடீரென்று விருது கொடுத்த பிள்ளைகளுக்கு நாட்டம் குறையவில்லை. 'இதைச் செய், அதைத் தருகிறேன்' என்ற பேரம்தான் கோளாறு. போகிற வழியில் பிடித்த கலர் பென்சில் ஒன்று வாங்கி வருவது பேரம் இல்லை.

கணக்கர்:
பாராட்டிலும் இதே கதை. முல்லர், டுவெக் என்ற உளவியலாளர்களின் 1998 ஆய்வு: 'புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து சுலபமான புதிர்களையே விரும்பினார்கள், கஷ்டமானது வந்ததும் சோர்ந்தார்கள். 'இதை இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்தாயே' என்று செய்ததைச் சொன்னால் போதும்.

தென்றல்:
கட்டிப்பிடித்தால் நெளிந்து ஓடும் பிள்ளைக்கு?

யாழினி:
தொடுவுணர்வு அதிகமுள்ள சிலருக்கு லேசாக வருடுவதும் கிச்சுகிச்சு மூட்டுவதும் எரிச்சல். தோளோடு தோள் உட்காருங்கள், கேட்டுவிட்டு எண்ணெய் தேய்த்துவிடுங்கள். வேண்டாம் என்றால் கையை எடுத்துவிட வேண்டும். பாட்டிக்கு முத்தம் கொடு என்று தள்ளிவிடவே கூடாது.

கணக்கர்:
இதில் சண்டை இல்லை. ஐந்து பெட்டியை மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.