அறிவியல் புனைவு ஆக்‌ஷன் படம்: யோசனை முக்கியமா, வேகம் முக்கியமா?

அணுக்கரு:
இந்த வகைப் படத்துக்கு நான் வைக்கிற சோதனை ஒன்றுதான். சண்டையிலிருந்து அந்த அறிவியல் கற்பனையை உருவி எடுத்துவிட்டாலும் சண்டை அப்படியே நிற்கிறதா? நின்றால் அது சாதாரண ஆக்‌ஷன் படம், பின்னணியில் விண்கலம் பறக்கிறது, அவ்வளவுதான். தி மேட்ரிக்ஸ் (1999) படத்தில் மனிதர்களை அடைத்துவைக்க இயந்திரங்கள் உருவாக்கிய பொய் உலகத்தை விட்டு வெளியே வர லேண்ட்லைன் போன்தான் வாசல். அதனால் எங்கோ ஒரு போன் மணி அடிப்பதே நெஞ்சைப் படபடக்க வைக்கிறது. விதி நமக்குத் தெரிந்திருப்பதால்தான் ஓட்டத்தில் பயம் வருகிறது.

வேகமானி:
இதை ஒத்துக்கொள்ளவே முடியாது. நீங்கள் சொல்வது கதை எழுதுகிறவருக்கான சோதனை. பார்க்கிறவனுக்கு முதலில் தெரிய வேண்டியது யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் ஓடுகிறார், தோற்றால் என்ன போகும் என்பதுதான். மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட் (2015) படத்தில் ஷாட்டுகள் அத்தனை வேகமாக மாறியும் கண் அலைவதில்லை, ஏனென்றால் பார்க்க வேண்டியதை இயக்குநர் ஜார்ஜ் மில்லர் பெரும்பாலும் ஃபிரேமின் நடுவிலேயே வைத்தார். எடிட்டர் மார்கரெட் சிக்சலுக்கு ஆஸ்கர் சும்மா கிடைக்கவில்லை. கனவுக்குள் கனவாகப் போகிற இன்செப்ஷனில் (2010) எத்தனை விதி, எத்தனை அடுக்கு! ஆனால் பனிமலைச் சண்டையில் ஆளாளுக்கு வெள்ளை உடை, யார் யாரைச் சுடுகிறார் என்றே புரியவில்லை.

அணுக்கரு:
பனிமலையைக் காப்பாற்ற நான் வரவில்லை. அதே படத்தின் ஹோட்டல் தாழ்வாரச் சண்டையைப் பேசுவோம். ஓர் அடுக்கில் வேன் உருண்டால் அடுத்த அடுக்கில் தாழ்வாரமே உருள்கிறது, வேன் பாலத்திலிருந்து விழுந்தால் இங்கே எடை போய்விடுகிறது. அதற்காக நிஜமாகவே சுழலும் தாழ்வாரம் கட்டி நடிகரை உள்ளே விட்டார்கள். அந்த யோசனை இல்லாமல் அந்தச் சண்டையே கிடையாது.

வெண்திரை:
ஹோட்டலில் மிதந்தபடி தூங்குகிறவர்களின் அடுத்த கனவுதான் பனிமலை. அப்படியானால் அங்கேயும் எடை போயிருக்க வேண்டுமே? போகவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான். அறிவியல் தப்பாக இருக்கலாம், பரவாயில்லை. மேட்ரிக்ஸில் மனித உடலிலிருந்து மின்சாரம் எடுப்பது வெப்ப இயக்கவியல்படி நஷ்டக் கணக்கு, ஊட்டுகிற ஆற்றலை விடக் குறைவாகத்தான் திரும்பக் கிடைக்கும். ஆனால் எந்தச் சண்டையின் முடிவும் அதை நம்பி இல்லை, அதனால் விட்டுவிடலாம். படம் தானே போட்ட விதியைத் தானே மறந்தால்தான் ஆபத்து, அப்புறம் நாயகன் பிழைப்பது இயக்குநரின் தயவு என்று தெரிந்துபோகும்.

வேகமானி:
அந்த எடை விஷயத்தைத் தியேட்டரில் உட்கார்ந்திருக்கும்போது யார் யோசிக்கப் போகிறார்கள்? வேகம் இருந்தால் கடந்துபோய்விடுவார்கள். டெர்மினேட்டர் 2 (1991) சரியான வரிசையைக் காட்டுகிறது. முதலில் கால்வாய்த் துரத்தல், லாரி வெடிக்கிறது, தீக்குள்ளிருந்து, உருவம் மாறக்கூடிய திரவ உலோகக் கொலை இயந்திரம் நடந்து வருகிறது. அதற்குப் பிறகுதான் அது துரத்துகிற பையன் கேட்கிறான், அது ஏன் வெடிகுண்டாக மாறி என்னைக் கொல்லவில்லை என்று. சிக்கலான இயந்திரமாக அதனால் மாற முடியாது, கத்தி போன்ற கூரான பொருளாக முடியும் என்று சுருக்கமாகப் பதில் வருகிறது. முதலில் உடம்பு பயப்பட வேண்டும், விளக்கம் அப்புறம்.

அணுக்கரு:
அந்தச் சின்னப் பதில் மிச்சப் படத்தையே மாற்றிவிடுகிறதே, அதைக் கவனித்தீர்களா? மருத்துவமனையில் அது தரையோடு தரையாகக் கிடந்து காவலாளியாக எழுகிறது, அதன் பிறகு எந்தத் தரையையும் எந்த மனிதரையும் நம்ப முடிவதில்லை. எட்ஜ் ஆஃப் டுமாரோவும் (2014) இதே வேலையைத்தான் செய்கிறது. நாயகன் செத்தால் நாள் மறுபடி தொடங்கும், அதனால் படத்தின் பெரும்பகுதியில் சாவு ஒரு பயிற்சி மட்டுமே. பிறகு ரத்தம் ஏற்றியதால் அந்தச் சக்தி போகிறது. அதுவரை பார்த்த அதே மாதிரிச் சண்டை, ஆனால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் இப்போது அர்த்தம் வேறு. கேமரா வேலையால் மட்டும் இது வராது.

வெண்திரை:
இன்னும் ஒரு படி மேலே போன படம் சில்ட்ரன் ஆஃப் மென் (2006). 18 வருடமாகக் குழந்தையே பிறக்காத உலகம். கடைசியில் குண்டு பறக்கிற கட்டடத்துக்குள் ஒரு குழந்தை அழுகிறது, இரண்டு பக்கமும் சுடுவதை நிறுத்துகிறார்கள். யோசனையே சண்டையை நிறுத்துகிறது. வேறு எந்த உலகத்திலும் அந்தக் காட்சி நடக்காது.

வேகமானி:
அருமையான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் என்ன இருக்கிறது? வெட்டே தெரியாத ஒரு நீண்ட ஷாட், லென்ஸில் ரத்தம் தெறிக்கிறது, நாயகன் தெருவைக் கடந்து கட்டடத்துக்குள் நுழைந்து மாடி ஏறும் வரை கேமரா பின்னாலேயே ஓடுகிறது. சத்தம் நம் காதை அந்த அளவுக்குப் பழக்கியதால்தான் அது நின்றபோது நமக்கு உறைக்கிறது. அதே யோசனையை அவசரமாகத் துண்டு துண்டாக வெட்டிய சண்டைக்குள் வைத்துப் பாருங்கள், குழந்தை அழுதது காதில் விழுவதற்குள் அடுத்த ஷாட் வந்திருக்கும்.