அபொட் – கொஸ்ரெல்லோவின் பேய்ப்படத்தைச் சிறுவர்களுக்குப் போடலாமா?

பனங்கூடல் (கேள்வி):

வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை பழைய படமொன்று போட்டு வருகிறோம். அடுத்த முறைக்கு, அபொட், கொஸ்ரெல்லோ என்ற அமெரிக்க நகைச்சுவை இரட்டையர் நடித்து 1948இல் யூனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட ‘அபொட் அன்ட் கொஸ்ரெல்லோ மீட் பிராங்கன்ஸ்ரைன்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தைத் தெரிவு செய்திருக்கிறேன். டிராகுலா, ஓநாய் மனிதன், பிராங்கன்ஸ்ரைனின் பூதம் ஆகியோரின் முந்தைய படங்களைப் பார்த்திராத பிள்ளைகளுக்கு இது விளங்குமா? எட்டு வயதுப் பிள்ளை இரவில் திடுக்கிட்டு எழும்பும் அளவுக்குப் பயம் இருக்கிறதா? உரையாடல் ஆங்கிலம் என்பதால் நான் ஒலிவாங்கியில் தமிழில் சொல்லிக்கொண்டே போக எண்ணியிருக்கிறேன். அது சரிவருமா என்பதையும் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நல்லூர்த் தேரடி:

தம்பி, தயங்காமல் போடுங்கள். முனியையும் கொத்தியையும் பற்றி அம்மம்மாவிடம் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, பெட்டிக்குள் உறங்கி இரவில் எழும்பும் ஒருவனை அறிமுகம் செய்ய ஒரு வசனம் போதும்.

நான் இந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தது மின்சாரம் இல்லாத 1990களில், அயல் வீட்டு வளவொன்றில், வாடகைக்கு எடுத்த டெக்கையும் ரீவியையும் ஜெனரேற்றரில் இயக்கிப் படம் போட்ட ஓர் இரவில். ஜெனரேற்றரின் இரைச்சலில் பாதி உரையாடல் கேட்கவில்லை. ஆயினும் பாயில் இருந்த எல்லோரும் வயிறு நோகச் சிரித்தோம். ஏன் அப்படிச் சிரித்தோம் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்த்தபோதுதான் விளங்கிக்கொண்டேன். இதில் வரும் பேய்களில் ஒன்றுகூடப் பகிடி விடுவதில்லை. 1931இல் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசி, முழுநீளப் படமொன்றில் இரண்டாவதும் கடைசியுமாக அந்த வேடத்தை ஏற்றது இதில்தான். 1941இல் ஓநாய் மனிதனாக வந்த லோன் சேனி இளையவரும் அதே வேடத்தில், அதே துயரத்தோடு வருகிறார். பயமுறுத்தும் படத்தில் நடிப்பதாகவே அவர்கள் நடிக்க, சிரிப்பு முழுவதும் கொஸ்ரெல்லோவின் முகத்திலும் தொண்டையிலும் பிறக்கிறது.

தமிழில் சொல்வது நல்லதுதான். ஆனால் அருங்காட்சியகக் காட்சியில் ஒலிவாங்கியை நிறுத்திவிடுங்கள். கொஸ்ரெல்லோ டிராகுலாவைப் பற்றிய அறிவித்தலை உரத்து வாசித்துக்கொண்டிருக்க, சவப்பெட்டியின் மூடி மெல்ல உயர்கிறது. மூடியின்மேல் இருக்கும் மெழுகுதிரி மெதுவாக வழுகி நகர்கிறது. அவர் அபொட்டைக் கூப்பிட வாயைத் திறக்கிறார். மூச்சு வருகிறதே தவிரக் குரல் வரவில்லை. அபொட் வந்து பார்க்கும்போது மூடி மூடியபடியே இருக்கிறது. கண்டவன் சொல்வதைக் காணாதவன் நம்பாத இந்த விளையாட்டுத்தான் படம் முழுவதும் ஓடுகிறது. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. லண்டனிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்கும் மனிதர், நிலவு எழுந்ததும் ஓநாயாகி உறுமுகிறார். கொஸ்ரெல்லோ அதை நாயின் குரல் என்று எண்ணிவிடுகிறார். அந்த இடத்தில் மட்டும் ஒரு வசனம் சொல்லுங்கள்.

பண்ணைக் காற்று:

தேரடி அண்ணா சொன்னதில் ஒன்றை மட்டும் நான் மறுக்கிறேன். ஒலி கேட்காமல் பார்த்தால் பாதிப் படம்தான் கிடைக்கும். பிராங்க் ஸ்கின்னரின் இசை ஒரு கணம்கூடச் சிரிப்புக்கு இறங்கி வராமல், உண்மையான ஆபத்து வருவதாகவே ஒலிக்கிறது. அதனால்தான் கொஸ்ரெல்லோ பயப்படும்போது நாமும் சற்றுப் பயந்துகொண்டே சிரிக்கிறோம். ஆகவே நல்ல ஒலிபெருக்கி ஒன்றை ஒழுங்கு செய்யுங்கள்.

சிறு பிள்ளைகளைப் பொறுத்தவரை இரண்டு இடங்களைக் கவனியுங்கள். கொஸ்ரெல்லோவின் மூளையை எடுத்துப் பூதத்துக்குப் பொருத்துவதுதான் டிராகுலாவின் திட்டம் என்பதால், அவரைக் கட்டிவைக்கும் அறுவைக் காட்சி ஒன்று வருகிறது. அதையடுத்து, பெண்ணொருத்தியைப் பூதம் யன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே எறிகிறது. (பூதமாக நடித்த கிளென் ஸ்ரேஞ்ச் காலில் காயமடைந்திருந்ததால், அந்த வேடத்தைப் போட்டுக்கொண்டு அவளைத் தூக்கி எறிந்தவர் லோன் சேனி.) இரத்தம் எதுவும் காட்டப்படுவதில்லை. பக்கத்தில் தாயோ தகப்பனோ இருந்தால் எட்டு வயதுக்கு இது தாங்கக்கூடியதே. ஐந்து வயதுக்கு நான் காட்டமாட்டேன்.

வழுக்கியாற்று வாசகி:

கண்ணாடியில் டிராகுலாவின் உருவம் தெரியாது என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால், ஒரு காட்சியில் அது தெளிவாகத் தெரிவதைக் கட்டாயம் பிடித்துவிடுவார்கள். என் மகள் பிடித்தாள். அது படமெடுத்தவர்களின் தவறு என்றே சொல்லிவிடுங்கள். இன்னொரு வேண்டுகோள்: படம் 83 நிமிடம் ஓடும். பேய்கள் ஒழிந்ததும் எங்கள் ஆட்கள் செருப்புத் தேட எழும்பிவிடுவார்கள். இருவரும் படகில் தப்பிப் போகும் காட்சி முடியும்வரை மின்விளக்கைப் போட விடாதீர்கள். அங்கே ஒரு குரல் மட்டும் வருகிறது. பேசுபவர் நடிகர் வின்சென்ட் பிரைஸ். அது எந்தப் பாத்திரத்தின் குரல் என்பதைத் தயவுசெய்து ஒலிவாங்கியில் சொல்லிவிட வேண்டாம்.

பனங்கூடல்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒலிபெருக்கியை இன்றே கேட்டுவைத்துவிட்டேன். சவப்பெட்டி திறக்கும்போது ஒலிவாங்கியைத் தொடமாட்டேன். படகுக் காட்சி முடியும்வரை மின்விளக்கு ஆளிக்குப் பக்கத்தில் என் தம்பியை நிறுத்திவைக்கிறேன், அக்கா.